வீட்டுக் கணினியில் யார் நிர்வாகி?

கணினி: வாசகர் கேள்வி – பதில்

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பல, வீட்டுக் கணினியில் யாருக்கு எந்த வகைப் பயனர் கணக்கைக் கொடுப்பது என்ற ஒரே விஷயத்தைச் சுற்றியே அமைந்திருந்ததால், அவற்றை இந்த இதழில் சேர்த்தே எடுத்துக்கொள்கிறோம். வீட்டுப் பாதுகாப்பைப் பற்றிய கடிதங்கள் என்பதால், எழுதியவர்களின் ஊர்ப் பெயரை மட்டும் வெளியிடுகிறோம்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகி: எங்கள் வீட்டில் ஒரே ஒரு கணினிதான் இருக்கிறது. கணவரின் விசைப்படகுக்கு ஆகும் டீசல், ஐஸ், ஆட்களின் பங்கு எல்லாவற்றையும் நான்தான் அதில் எழுதி வைக்கிறேன். வங்கிக்குப் பணம் அனுப்புவதும் அதிலேயேதான். தடைக்காலத்தில், பள்ளி விடுமுறையில் இருந்த என் மகன் ஏதோ ஒரு தளத்திலிருந்து விளையாட்டு ஒன்றை இறக்கிப் போட்டான். அதற்குப் பிறகு பிரவுசரைத் திறந்தாலே விளம்பரங்களாக வந்து விழுந்தன. சரிசெய்து கொடுத்த கடைக்காரர், "பையனுக்குத் தனியாக லிமிடெட் அக்கவுண்ட் போட்டுக் கொடுத்துவிடுங்கள்" என்று சொன்னார். "என்னை நம்பவில்லையா அம்மா?" என்று மகன் வருத்தப்படுகிறான். கடைக்காரர் சொன்னபடி செய்தால் போதுமா?

பதில்: கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. மகனுக்குத் தனிக் கணக்கு வேண்டும். ஆனால் நிர்வாகிக் கணக்கிலிருந்து முதலில் வெளியே வர வேண்டியவர் நீங்கள். இதை மகனிடம் சொன்னாலே அவனுடைய வருத்தம் பாதி தீர்ந்துவிடும்.

கணினியில் நாம் திறக்கும் ஒவ்வொரு நிரலும், அந்த நேரத்தில் உள்ளே நுழைந்திருப்பவருக்கு என்ன அதிகாரம் உண்டோ அதை வைத்துக்கொண்டுதான் ஓடுகிறது. நீங்கள் நிர்வாகியாக நுழைந்திருக்கும்போது ஒரு நிரலுக்கு முழு அதிகாரம் கொடுத்துவிட்டால், அது விண்டோஸ் கோப்புறையிலும் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையிலும் எழுதலாம். கணினி திறக்கும்போதெல்லாம் தானும் கிளம்பும்படி பதிந்துகொள்ளலாம். விண்டோஸின் வைரஸ் தடுப்பாகிய டிஃபெண்டரிடம் 'இந்தக் கோப்புறையைச் சோதிக்காதே' என்று விலக்கு வாங்கலாம். வீட்டில் மற்றவர்களின் கோப்புகளையும் திறந்து பார்க்கலாம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் 'லிமிடெட்' என்றும் இப்போது 'ஸ்டாண்டர்டு' என்றும் திரையில் காணப்படும் சாதாரணக் கணக்கில் நுழைந்திருந்தால், அதே நிரல் அந்த ஒருவருடைய கோப்புறைக்கு உள்ளேதான் உழல முடியும்.

2001-இல் வந்த எக்ஸ்பியில், முதலில் உருவாக்கும் கணக்கு நிர்வாகிக் கணக்காகவே அமைந்தது. பெரும்பாலான வீடுகளில் அது ஒன்றே எல்லாருக்கும் போதும் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பழக்கம் இன்றுவரை தொடர்கிறது. கடையிலிருந்து வரும் கணினியில் பெரும்பாலும் ஒரே கணக்கு இருக்கும், அது நிர்வாகியாக இருக்கும், கடவுச்சொல்லும் இருக்காது. 2007-இல் பொது விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா இதில் ஒரு மாற்றம் செய்தது. நிர்வாகியாக நுழைந்திருந்தாலும் அன்றாட நிரல்கள் குறைந்த அதிகாரத்தோடு தொடங்கும். முழு அதிகாரம் தேவைப்படும்போது திரை மங்கி, ஒரு பெட்டி வந்து அனுமதி கேட்கும். நிர்வாகிக் கணக்கில் இருப்பவர் அந்தப் பெட்டியில் 'யெஸ்' என்று ஒரு தட்டுத் தட்டினால் போதும். சாதாரணக் கணக்கில் இருப்பவரிடமோ அதே பெட்டி நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். விளையாட்டின் மேல் கண்ணாக இருக்கும் பதினாறு வயதுப் பையன் 'யெஸ்' தட்டுவதற்கு அரை நொடி ஆகாது. அம்மாவைக் கூப்பிட்டுக் கடவுச்சொல் போடச் சொல்வதற்குள் அவனே ஒரு முறை யோசித்துவிடுவான். நிர்வாகிக்குக் காட்டப்படும் இந்த 'யெஸ்' பெட்டியைப் பாதுகாப்பு எல்லையாகத் தாங்கள் கருதவில்லை என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. வீட்டில் எல்லாரையும் நிர்வாகியாக வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியை மட்டும் நம்பியிருப்பது ஆகாது.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வங்கித் தளத்தில் நுழைபவர் நீங்கள். மீன் எடுக்கும் கம்பெனியிலிருந்து வரும் பில்லைத் திறப்பவரும் நீங்கள். பில் என்ற பெயரில் கெட்ட நிரல் ஒன்று மின்னஞ்சலில் வந்தால், அது சிக்கப்போவது உங்கள் கணக்கில்தான். வீட்டுப் பத்திரம் இருக்கும் பீரோவின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு யாரும் சந்தைக்குப் போவதில்லை. நிர்வாகி அதிகாரத்தைத் தனியாக ஒரு கணக்கில் பூட்டி வைத்துவிட்டு, நீங்கள், கணவர், மகன் மூவரும் சாதாரணக் கணக்கிலேயே புழங்குவதுதான் சரியான ஏற்பாடு.

இதைச் செய்யும் வரிசை முக்கியம். இத்தனை நாள் பயன்படுத்திய கணக்கை விட்டுவிட்டுப் புதிய சாதாரணக் கணக்குக்கு மாறினால், படங்கள், பிரவுசரில் சேமித்தவை, மேசைத் திரையில் வைத்தவை எல்லாவற்றையும் இடம் மாற்ற வேண்டிவரும். அதற்குப் பதிலாக, செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குச் சென்று, 'அதர் யூசர்ஸ்' என்ற இடத்தில் புதிதாக ஒரு கணக்கைச் சேருங்கள். மின்னஞ்சல் முகவரி கேட்கும். அந்த நபரின் விவரம் உங்களிடம் இல்லை என்று பொருள்படும் வரியையும், அடுத்த பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்ப்பதற்கான வரியையும் தேர்ந்தெடுத்தால், பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் கொடுத்து உருவாக்கிவிடலாம். 'வீட்டு நிர்வாகி' என்றே பெயர் வைக்கலாம். பிறகு 'சேஞ்ச் அக்கவுண்ட் டைப்' என்பதை அழுத்தி அதை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள். அதன் பிறகு உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, புதிய நிர்வாகிக் கணக்கில் ஒரு முறை நுழைந்து, கடவுச்சொல் சரியாக வேலை செய்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே இருந்தபடியே உங்கள் பழைய கணக்கை 'ஸ்டாண்டர்டு யூசர்' என்று மாற்றுங்கள். உங்கள் கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். மகனுக்கும் கணவருக்கும் புதிய சாதாரணக் கணக்குகளை உருவாக்கி, மூன்றுக்கும் தனித்தனிக் கடவுச்சொல் வையுங்கள்.

கணக்கைப் பிரித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் பலர் கவனிக்காமல் விடும் ஒரு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்க் கடைகளில் வட்டை சி, டி என்று இரண்டாகப் பிரித்துக் கொடுப்பது வழக்கம். "விண்டோஸ் போனாலும் டி-யில் இருப்பது போகாது" என்று சொல்லி, முக்கியமான கோப்புகளை எல்லாம் அங்கேதான் போடச் சொல்வார்கள். ஒருவருடைய கோப்புகளை மற்றவர் தொட முடியாமல் விண்டோஸ் காப்பது, சி டிரைவில் 'யூசர்ஸ்' என்ற கோப்புறைக்குள் அவரவர் பெயரில் இருக்கும் இடத்தை மட்டும்தான். டி டிரைவ் வழக்கமாக எல்லாக் கணக்குகளுக்கும் படிக்கவும் எழுதவும் திறந்தே கிடக்கும். படகின் வரவு செலவு டி-யில் இருந்தால், மகனின் சாதாரணக் கணக்கில் ஓடும் கெட்ட நிரல் அதை அழிக்கலாம், திருடலாம். ஆகவே அந்தக் கோப்புகளை உங்கள் 'டாக்குமெண்ட்ஸ்' கோப்புறைக்குக் கொண்டுவாருங்கள். பிரதியை வெளி வட்டில் எடுத்து, வட்டைக் கழற்றிப் பெட்டியில் வையுங்கள். குடும்பப் படங்களைப் போலப் பொதுவில் இருக்க வேண்டியவற்றுக்கு 'பப்ளிக்' என்ற கோப்புறை இருக்கிறது.

மகன் ஒரு நிரலை நிறுவ வேண்டும் என்று கேட்டால், கடவுச்சொல்லை அவனிடம் சொல்லி அனுப்பாமல், பக்கத்தில் போய் உட்கார்ந்து அந்தப் பெட்டியை இருவருமாகப் படியுங்கள். பெட்டியின் தலைப் பகுதி நீலமாக இருந்து, வெளியிட்டவரின் பெயரும் அதில் இருந்தால், அந்தப் பெயர் சரிபார்க்கப்பட்டது என்று பொருள். மஞ்சளாக இருந்து, வெளியிட்டவர் யாரென்று தெரியவில்லை என்று காட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். விலைக்கு விற்கும் விளையாட்டைப் பூட்டு உடைத்து இலவசமாகத் தருகிறவர்களின் கோப்புகள் பெரும்பாலும் இந்த மஞ்சள் பெட்டியோடுதான் வரும். அந்தப் பெட்டியை இரண்டு மூன்று முறை சேர்ந்து படித்த பையன், நாளைக்கு விடுதியில் தன் சொந்தக் கணினியை வைத்திருக்கும்போதும் அதைப் படிப்பான்.

ஒன்றை எதிர்பார்க்காதீர்கள். குரோம் பிரவுசரைப் போன்ற சில நிரல்கள் நிர்வாகி அனுமதி கிடைக்காவிட்டால் பயனரின் சொந்தக் கோப்புறையிலேயே தங்களை நிறுவிக்கொள்ளும். நிறுவாமலே ஓடும் விளையாட்டுகளும் உண்டு. பையன் எவ்வளவு நேரம் விளையாடுகிறான் என்பதைச் சாதாரணக் கணக்கு கட்டுப்படுத்தாது. எதையாவது ஏமாந்து ஓட்டிவிட்டால் சேதம் எதுவரை போகும் என்பதையே அது கட்டுப்படுத்தும். அவன் கணக்கு கெட்டுப்போனால், படங்களையும் பாடக் குறிப்புகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தக் கணக்கைத் தரவோடு நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்று உருவாக்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓட வேண்டியதில்லை.

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி: பிள்ளைகளின் வாப்பா துபாயில் இருக்கிறார். போன விடுமுறையில் வந்தபோது எனக்கும் பிள்ளைகளுக்கும் சாதாரணக் கணக்கு போட்டுவிட்டு, நிர்வாகிக் கடவுச்சொல்லைத் தன்னிடமே வைத்துக்கொண்டு போய்விட்டார். புதிய பிரிண்டரை மாட்டினால்கூடக் கடவுச்சொல் கேட்கிறது. அவர் எனிடெஸ்க் வழியாக அங்கிருந்து இணைந்து பார்த்தாலும், பெட்டி வரும் இடத்தில் அவருக்குத் திரை தெரிவதில்லை. "எல்லாரையும் அட்மின் ஆக்கிவிட்டால் இந்தத் தொல்லை ஏது?" என்கிறார் என் காக்கா (அண்ணன்). என்ன செய்வது?

பதில்: உங்கள் கணவர் செய்த ஏற்பாடு நல்ல ஏற்பாடு, கடவுச்சொல்லைக் கையோடு கொண்டுபோனது மட்டும் சரியில்லை. வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவருக்கு, உங்கள் வீட்டில் உங்களுக்கு, அது தெரிந்திருக்க வேண்டும். நிர்வாகி கடல் தாண்டி இருந்தால், அவசரத்துக்கு யாரோ ஒரு கடைக்காரரை அழைத்து எல்லாப் பூட்டுகளையும் திறந்துவிடச் சொல்லும் நிலை வரும். ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, வங்கிப் புத்தகம் இருக்கும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணினிப் பெட்டியின் மேல் ஒட்டி வைக்காதீர்கள்.

பிரிண்டர் விஷயம் பலருக்கும் இருக்கும் குறை. பிரிண்டர் இணைப்பில் இருந்த பெரிய ஓட்டை ஒன்று 2021-இல் வெளியே வந்தது. அதை அடைப்பதற்காக அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த புதுப்பித்தலிலிருந்து, இன்னொரு கணினி வழியாகப் பகிரப்படும் பிரிண்டருக்கான டிரைவரை (பிரிண்டரை இயக்கும் நிரலை) நிறுவவும் நிர்வாகி அனுமதியை மைக்ரோசாஃப்ட் கட்டாயமாக்கியது. ஒரு முறை நிறுவிவிட்டால் போதும். அதற்குப் பிறகு எல்லாக் கணக்குகளிலிருந்தும் கேள்வி கேட்காமல் அச்சடிக்கலாம். வைஃபையில் இணைவது, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து செயலி எடுப்பது, விண்டோஸ் புதுப்பித்தல்களை ஓட்டுவது இவற்றுக்கெல்லாம் சாதாரணக் கணக்கே போதும். எல்லாம் அமைந்த பிறகு, மாதத்துக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் நிர்வாகிக் கடவுச்சொல் தேவைப்படாது.

எனிடெஸ்கில் அவருக்குத் திரை தெரியாமல் போவதற்கும் காரணம் இருக்கிறது. அனுமதிப் பெட்டி வரும்போது திரை மங்குகிறதே, அந்த நேரத்தில் விண்டோஸ் மற்ற நிரல்கள் எட்ட முடியாத ஒரு தனித் திரைக்கு மாறிவிடுகிறது. உயர்ந்த அதிகாரம் இல்லாமல் ஓடும், தொலைவிலிருந்து இணையும் நிரல் எதுவும் அதைப் பார்க்கவோ அங்கே சுட்டியை அழுத்தவோ முடியாது. வெளிநாட்டிலிருந்து உதவும் உங்கள் கணவருக்கு இது இடைஞ்சல்தான். ஆனால் "வங்கியிலிருந்து பேசுகிறோம், இந்தச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று அழைக்கும் மோசடிக்காரனுக்கும் இதே இடைஞ்சல் உண்டு. உங்கள் கணவர் இணைந்திருக்கும்போது அவர் சொல்லச் சொல்ல அந்தப் பெட்டியில் கடவுச்சொல்லைப் போடுவது உங்கள் கையாக இருக்கட்டும்.

ஆனாலும் அந்த மோசடிக்காரன் திரையின் மற்ற பகுதியைப் பார்க்க முடியும். நீங்கள் தட்டும் வங்கி விவரத்தையும் பார்க்க முடியும். எந்த வகைக் கணக்கும் அங்கே காப்பாற்றாது. தெரியாதவர் சொல்லி எனிடெஸ்க் போன்றவற்றைத் திறக்கவே வேண்டாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, அந்தப் பணத்தை வழியில் நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.

தேவிபட்டினத்திலிருந்து ஒரு கருவாட்டு வியாபாரி: பல ஆண்டுகளுக்கு முன் தெரிந்தவர் ஒருவர் எழுதிக் கொடுத்த கொள்முதல், விற்பனைக் கணக்கு மென்பொருளை வீட்டுக் கணினியில் வைத்திருக்கிறேன். உங்களைப் போன்றவர்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சாதாரணக் கணக்குக்கு மாறினேன். மென்பொருள் திறக்கிறது, எழுதவும் முடிகிறது. ஆனால் 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று கொடுத்துத் திறந்தால் கடந்த சில வாரங்களில் எழுதியது எதையும் காணோம். மறுபடி சாதாரணமாகத் திறந்தால் இருக்கிறது. என் கணக்கு எங்கே போய்க்கொண்டிருக்கிறது?

பதில்: எதுவும் போகவில்லை, இரண்டு இடத்தில் இருக்கிறது. நிலைமை தெளிவாகும் வரை அந்த மென்பொருளில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். நோட்டில் எழுதி வையுங்கள்.

உங்களுடையதைப் போன்ற பழைய மென்பொருள்கள், தாம் நிறுவப்பட்ட புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள்ளேயே தரவையும் எழுதும்படி அமைக்கப்பட்டவை. அங்கே எழுத நிர்வாகி அதிகாரம் வேண்டும். விஸ்டா வந்தபோது இத்தகைய மென்பொருள்கள் எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடக் கூடாது என்பதற்காக, மைக்ரோசாஃப்ட் ஒரு மாற்றுவழி வைத்தது: பழைய 32-பிட் நிரல் ஒன்று அதிகாரமில்லாமல் அங்கே எழுத முயன்றால், விண்டோஸ் அதைத் தடுக்காமல், அந்தப் பயனரின் கோப்புறைக்குள் ஒரு தனி இடத்தில் எழுதி வைத்துவிடும், திரும்பப் படிக்கும்போதும் அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கும். மென்பொருளுக்கு இது தெரியாது. நிர்வாகி அதிகாரத்தோடு திறக்கும்போது இந்த ஏற்பாடு விலகி, உண்மையான கோப்புறையில் இருக்கும் பழைய தரவு தெரிகிறது. வீட்டில் இன்னொருவர் தம் சாதாரணக் கணக்கிலிருந்து அதே மென்பொருளில் எழுதினால், மூன்றாவதாக ஒரு பிரதி உண்டாகும்.

சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் ஆப்டேட்டா, லோக்கல், வர்ச்சுவல்ஸ்டோர் என்று வரிசையாகத் திறந்து போங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும், 'வியூ' பகுதியில் மறைந்தவற்றைக் காட்டும்படி குறியிட்டால் தெரியும். வர்ச்சுவல்ஸ்டோருக்குள் புரோகிராம் ஃபைல்ஸ் என்ற பெயரிலேயே ஒரு கோப்புறையும், அதற்குள் உங்கள் மென்பொருளின் பெயரும் இருக்கும். 64-பிட் விண்டோஸாக இருந்தால் அந்தப் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் எக்ஸ்86 என்றும் இருக்கும். அங்கே இருக்கும் தரவுக் கோப்பையும், உண்மையான புரோகிராம் ஃபைல்ஸில் இருக்கும் தரவுக் கோப்பையும் முதலில் வெளி வட்டில் தனித்தனிக் கோப்புறைகளில் பிரதி எடுங்கள். பிறகு, கோப்பு கடைசியாக மாறிய தேதியைப் பார்த்து எது புதியது என்று தீர்மானியுங்கள். ஒன்றில் மட்டும் இருக்கும் வரிகளை இன்னொன்றில் ஒட்ட முயலாதீர்கள். தரவுக் கோப்பு அப்படி ஒட்டினால் கெட்டுவிடும். புதியதை வைத்துக்கொண்டு, விடுபட்டவற்றை நோட்டைப் பார்த்துக் கையால் ஏற்றுவதுதான் பத்திரம்.

இனி இப்படி நடக்காமல் இருக்க, எழுதிக் கொடுத்தவர் இன்னும் தொடர்பில் இருந்தால், தரவின் இடத்தை உங்கள் டாக்குமெண்ட்ஸுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால், நிர்வாகிக் கணக்கில் நுழைந்து, அந்த மென்பொருளின் கோப்புறைக்கு மட்டும் 'பிராப்பர்ட்டீஸ்', 'செக்யூரிட்டி' வழியாக உங்கள் பயனர் பெயருக்கு 'மாடிஃபை' அனுமதி கொடுங்கள். புதிய தரவுக் கோப்பை உண்மையான கோப்புறைக்குக் கொண்டுவந்துவிட்டு, வர்ச்சுவல்ஸ்டோரில் இருக்கும் பிரதியின் பெயரை மாற்றிவிடுங்கள். அதை அப்படியே விட்டால், அனுமதி கொடுத்த பிறகும் விண்டோஸ் அந்தப் பிரதியையே உங்களுக்குக் காட்டும். பலர் "அனுமதி கொடுத்தும் சரியாகவில்லை" என்று குழம்புவது இந்த இடத்தில்தான். இப்படி எழுதத் திறந்துவிட்ட கோப்புறையில் இருக்கும் நிரலை, அதன் பிறகு 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்து ஓட்டாதீர்கள். உங்கள் கணக்கில் புகுந்த கெட்ட நிரல் அந்தக் கோப்பை மாற்றி வைத்திருந்தால், நீங்களே அதற்கு முழு அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்தது ஆகிவிடும்.

ஒரு மென்பொருள் வேலை செய்யவில்லை என்பதற்காகப் பலர் தங்கள் கணக்கை மறுபடி நிர்வாகி ஆக்கிவிடுகிறார்கள். ஒரு கோப்புறைக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் தீரும் குறைக்குக் கணினி முழுவதையும் திறந்துவிட வேண்டியதில்லை.

இராமேசுவரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணனுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த மடிக்கணினியை இப்போது நான் பயன்படுத்துகிறேன். அதில் விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ் என்ற இரண்டு இயங்குதளங்கள் இருக்கின்றன. லினக்ஸில் எதை நிறுவினாலும் கடவுச்சொல் கேட்கிறது; விண்டோஸில் கேட்பதே இல்லை. லினக்ஸில் வைரஸ் வராமல் இருக்க இதுதான் காரணமா?

பதில்: ஒரு காரணம். லினக்ஸ் பின்பற்றும் யூனிக்ஸ் மரபில், ஒரே எந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொண்ட காலத்திலிருந்தே 'ரூட்' என்ற நிர்வாகியும் சாதாரணப் பயனர்களும் வெவ்வேறாகத்தான் இருந்தார்கள். ஒரு கட்டளைக்கு மட்டும் அதிகாரம் பெற்றுத் தரும் 'சூடோ' 1980 வாக்கில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் எழுதப்பட்டது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அந்த மரபைச் சேர்ந்ததே. ஒவ்வொரு நிரலுக்கும் அதன் வேலைக்கு வேண்டிய அளவு அதிகாரம் மட்டுமே தர வேண்டும் என்ற கொள்கையை, சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இரு ஆய்வாளர்கள் 1975-இல் வெளியிட்ட கட்டுரையில் தெளிவாக வரையறுத்தார்கள். வீட்டுக் கணினிகளில் அது மிகத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

ஆனால் லினக்ஸில் இருப்பதால் மட்டும் காப்பு இல்லை. இணையத்தில் யாரோ எழுதி வைத்த கட்டளையைப் புரியாமல் எடுத்து ஒட்டி, சூடோவுக்குக் கடவுச்சொல்லும் கொடுத்தால், விளைவு விண்டோஸில் 'யெஸ்' தட்டியதற்குச் சமம். விண்டோஸ் 7-ஐப் பொறுத்தவரை, 2020 ஜனவரி 14-உடன் அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. அதில் சாதாரணக் கணக்கு வைத்துக்கொண்டாலும் இணையத்தில் உலவுவது நல்லதல்ல. அந்த மடிக்கணினியில் திருத்தங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கும் லினக்ஸ் பதிப்பு ஒன்றை நிறுவி அதையே பயன்படுத்துங்கள்.

தொண்டியிலிருந்து ஒரு வாசகர்: சாதாரணக் கணக்கும் வைரஸ் தடுப்பும் இருந்தால், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேரிலிருந்து தப்பிவிடலாமா?

பதில்: முழுதாகத் தப்ப முடியாது. உங்கள் கடிதங்களையும் படங்களையும் மாற்ற உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது அல்லவா? உங்கள் பெயரில் ஓடும் நிரலுக்கும் அந்த அதிகாரம் இருக்கும். பூட்டுவதற்கு அதுவே போதும். ஆனால் சேதம் உங்கள் கோப்புகளோடும், முன்பு சொன்ன டி டிரைவ் போன்ற பொது இடங்களோடும் நின்றுவிடும். வீட்டில் மற்றவர்களின் கோப்புறைகளுக்குப் போகாது. கோப்புகளின் முந்தைய நிலையை விண்டோஸ் சேமித்து வைத்திருந்தால் அதை அழிக்கவும் நிர்வாகி அதிகாரம் வேண்டும் என்பதால், மீட்க ஒரு வழியும் மிஞ்சலாம்.

2017 மே மாதம் உலகம் முழுவதும் பரவிய வன்னாக்ரை என்ற ரான்சம்வேர், யாரும் எதையும் திறக்காமலே, விண்டோஸ் கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டை வழியாக எந்திரத்துக்கு எந்திரம் தாவியது. யார் எந்தக் கணக்கில் இருந்தார்கள் என்பது அதற்குப் பொருட்டே இல்லை. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சிலேயே வந்திருந்தது. அதைப் போட்டிருந்த எந்திரங்களில் அந்த வழியாக அது நுழையவில்லை. ஆகவே புதுப்பித்தலை நிறுத்தி வைக்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். வெளி வட்டில் பிரதி எடுத்த உடனே வட்டைக் கழற்றிவிடுங்கள்; மாட்டியே வைத்திருந்தால் பிரதியும் சேர்ந்து பூட்டப்படும். உப்புக் காற்று படும் ஊர் என்பதால், அந்த வட்டை மூடியுள்ள டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றோடு வைப்பது நல்லது.

சாயல்குடியிலிருந்து ஒரு வாசகர்: நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லை மறந்துவிட்டேன். சாதாரணக் கணக்கு மட்டும் திறக்கிறது. வழி உண்டா?

பதில்: அந்த நிர்வாகிக் கணக்கு மைக்ரோசாஃப்ட் கணக்காக இருந்தால், கைபேசியிலிருந்தே அந்த நிறுவனத்தின் தளத்துக்குச் சென்று கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம். கணினிக்குள் மட்டும் இருக்கும் கணக்காக இருந்து, விண்டோஸ் 10-இன் 2018 ஏப்ரல் பதிப்பிலோ அதற்குப் பின்னோ உருவாக்கியிருந்தால், அப்போது மூன்று பாதுகாப்புக் கேள்விகளைக் கேட்டிருக்கும். நுழையும் திரையில் தவறான கடவுச்சொல்லை ஒரு முறை கொடுத்தால், மீட்பதற்கான இணைப்பு கீழே தோன்றும். அதில் அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லித் திறக்கலாம். இரண்டும் இல்லையென்றால், சாதாரணக் கணக்கில் இருக்கும் கோப்புகளை வெளி வட்டுக்கு எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே நேரான வழி. யாரையாவது வைத்துக் கடவுச்சொல்லை உடைக்கச் சொல்வதற்கு முன், விண்டோஸின் வட்டுப் பூட்டாகிய பிட்லாக்கரால் வட்டு பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பூட்டப்பட்டிருந்தால், மீட்புச் சாவியாகிய 48 இலக்க எண் கையில் இல்லாமல் வட்டில் கை வைக்க யாரையும் விடாதீர்கள்.